சாக்கடையின் சாட்சியம்

1884ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ராபர்ட் கோக் என்னும் ஜெர்மானிய விஞ்ஞானி கல்கத்தாவில் இருந்தபோது, வாந்திபேதி கண்ட ஒரு குடியிருப்பின் ஜனங்கள் குளிக்கவும் துவைக்கவும் குடிக்கவும் பயன்படுத்தி வந்த குளத்து நீரிலேயே அந்நோயின் கிருமியைக் கண்டெடுத்தார். ஜலத்தைக் கண்ணால் பார்த்தும் நாவால் சுவைத்தும் நல்லது கெட்டது என்று தீர்மானித்து வந்த பழைய வழக்கத்துக்கு அதோடு ஒரு முடிவு ஏற்பட்டது எனலாம். அதற்கு அடுத்த ஆண்டிலே தியோடர் எஷெரிக் என்பவர் மனிதக் குடலில் இயல்பாகவே குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவை வர்ணித்து எழுதினார். அவர் பெயரையே தாங்கி, இன்று ஈ.கோலை என்று எல்லோராலும் வழங்கப்படும் அந்தக் கிருமி ஒரு குடிநீரில் தென்பட்டால் அந்நீரில் மலம் கலந்திருக்கிறது என்றும், தென்படாவிட்டால் அந்நீர் பயமின்றிப் பருகத்தக்கது என்றும் முடிவு செய்யும் வழக்கம் சில பத்தாண்டுகளுக்குள் உலகெங்கும் நகரசபைகளில் வேரூன்றிவிட்டது. செலவு சொற்பமாகவும், செய்முறை எளிதாகவும், விடை இரண்டொரு நாளில் கிடைப்பதாகவும் அமைந்த இச்சோதனை எத்தனையோ லட்சம் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆயினும் இதன் விடையை முழு உண்மையென்று நம்பியிருந்த காலத்தில், பாக்டீரியாவினும் பன்மடங்கு சிறியதாய், சாதாரண உருப்பெருக்கிக்குப் புலப்படாததாய், உயிருள்ள திசுவிலன்றி வேறெங்கும் பெருகாததாய் உள்ள வைரஸ் என்னும் வேறொரு வர்க்கம் அதே சாக்கடையிலும் அதே ஆற்றிலும் ஒருவர் கணக்கிலும் அகப்படாமல் சஞ்சரித்துக்கொண்டிருந்தது. அதைச் சாக்கடையிலும் குடிநீரிலும் தேடிப் பிடிக்க மனிதர் செய்த பிரயத்தனங்களின் வரலாறு பரவலாக எழுதப்பட்டதன்று. எழுதப்படாமல் இருக்கத்தக்கதும் அன்று.

அந்த வரலாறு இளம்பிள்ளை வாதத்திலிருந்து தொடங்குகிறது. 1908இல் வியன்னா நகரத்தில் கார்ல் லாண்ட்ஸ்டைனரும் எர்வின் பாப்பரும், அந்நோயால் இறந்த ஒரு சிறுவனின் முதுகுத் தண்டிலிருந்து எடுத்த சாரத்தைக் குரங்குகளின் உடலில் செலுத்தி, அவற்றுக்கும் அதே வாதம் வரக் கண்டு, இது பாக்டீரியாவால் விளைவதன்று, கண்ணுக்குப் புலப்படாத ஒரு நுண்பொருளால் விளைவதாகலாம் என்ற முடிவுக்கு வந்தார்கள். அந்நுண்பொருள் உடலுக்குள் எவ்வழியே நுழைகிறது என்ற கேள்விக்கு விடை காண்பதில்தான் விஞ்ஞான உலகம் நெடுங்காலம் வழி தவறிப் போயிற்று. 1911இல் ஸ்வீடன் தேசத்தைப் பீடித்த பெரும் வாதநோயின்போது கார்ல் கிளிங்கும் அவருடைய சகாக்களும் நோயாளிகளின் தொண்டையில் மட்டுமன்றிக் குடலிலும் வைரஸைக் கண்டு, மறு ஆண்டே அதை வெளியிட்டார்கள். ஆனால் நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் தலைவராயிருந்த சைமன் பிளெக்ஸ்னர் வைரஸ் மூக்கின் வழியாக நரம்பைப் பற்றிக்கொண்டு மூளைக்கு ஏறுகிறது என்ற அபிப்பிராயத்தை உறுதியாகக் கொண்டிருந்தார். அவர் பெயருக்கு இருந்த மதிப்பு காரணமாகவும், அவர் பல ஆண்டுகள் குரங்கிலிருந்து குரங்குக்கே மாற்றி வளர்த்த வைரஸ் நரம்பிலன்றி வேறெங்கும் வளராததாய்த் திரிந்துபோயிருந்த காரணத்தாலும், ஸ்வீடன்காரர்களின் கண்டுபிடிப்பு கால் நூற்றாண்டு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது.

இந்தத் தவறு ஏட்டளவில் நின்றுவிட்ட தவறன்று. 1937இல் கனடா நாட்டு டொராண்டோ நகரில் வாதநோய் பரவியபோது, மூக்குவழிக் கொள்கையை நம்பிய வைத்தியர்கள் சுமார் 5,000 குழந்தைகளின் நாசித் துவாரங்களில் துத்தநாக சல்பேட் கரைசலைப் பீய்ச்சினார்கள். அதனால் ஒரு குழந்தைக்கேனும் நோய் தடுக்கப்படவில்லை; சில குழந்தைகள் மோப்ப சக்தியை இழந்ததுதான் மிச்சம். மலத்தையும் சாக்கடையையும் சோதிப்பது அருவருப்பான, அநாவசியமான காரியம் என்று கற்றறிந்தவர்கள் ஒதுக்கிவிட்டதனால் உண்டான கேட்டை எண்ணும்போது, ஆராய்ச்சியாளன் எந்தப் பொருளையும் இழிந்ததென்று கருதலாகாது என்ற விதி எத்துணை ஆழமானது என்பது புலனாகிறது.

இந்நிலையை மாற்றியவர்கள் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் 1931இல் இளம்பிள்ளை வாத ஆராய்ச்சிக் குழு ஒன்றை அமைத்த ஜான் பால், ஜேம்ஸ் டிராஸ்க் என்னும் இரு மருத்துவர்கள். அவர்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடவாமல், நோய் கண்ட ஊர்களுக்கே சென்று, நோயாளியின் வீடு, அவனுடைய உறவினர், ஈக்கள், கழிவிடம் ஆகிய யாவற்றையும் கூர்ந்து பார்த்தார்கள். வாதம் வெளிப்படாமல், சாதாரணக் காய்ச்சலும் தொண்டைவலியுமாக வந்துபோன குழந்தைகளிடமிருந்தும் 1930களில் அவர்கள் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். 1938இல் நோயாளிகளின் மலத்தில் அது நெடுநாள் நிலைத்திருப்பதை எடுத்துக் காட்டினார்கள். மலத்தில் உள்ளது சாக்கடையில் இல்லாமற் போகுமா என்ற அடுத்த கேள்வி அவர்களைத் தென் கரோலினா மாகாணத்தின் சார்ல்ஸ்டன் நகரத்துக்கு இட்டுச் சென்றது. 1939இல் அந்நகரில் வாதநோய் பரவியிருந்த சமயத்தில், அவ்வூர்க் கழிவுநீரைச் சேகரித்து, அதிலுள்ள பாக்டீரியாக்களை ஈதர் என்னும் திரவத்தால் மாய்த்து, எஞ்சிய நீரைக் குரங்குகளின் உடலில் செலுத்திக் காத்திருந்தபோது அக்குரங்குகளின் கால்கள் தளர்ந்தன. ஒரு நகரத்தின் பொதுச் சாக்கடையிலே மனிதக் குடலின் வைரஸ் உயிரோடு, நோயுண்டாக்கும் வலிமையோடு பிரவகித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே நிரூபணமாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்டாக்ஹோம் நகரத்துக் கழிவுநீரிலும் கிளிங்கின் குழுவினர் அதையே கண்டார்கள் என்பது, முன்பு புறக்கணிக்கப்பட்ட அம்மனிதர்களுக்குக் காலம் தாழ்ந்தேனும் கிடைத்த நியாயம்.

இச்சோதனைக்குக் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடுவது தர்மமன்று. அந்நாளில் இளம்பிள்ளை வாத வைரஸை இனங்காண உயிருள்ள குரங்கைத் தவிர வேறு கருவி கிடையாது. ஒரு புட்டி நீரைச் சோதிக்க ஒன்றுக்கு மேற்பட்ட குரங்குகள் வேண்டும்; அவை வாதம் கண்டு விழும் வரையிலோ, வாரக்கணக்கில் ஒன்றும் நேராமல் கழியும் வரையிலோ காத்திருந்து, பின் அவற்றைக் கொன்று முதுகுத் தண்டைச் சீவி உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். அக்குரங்குகளில் பெரும்பாலானவை நம் வட இந்தியக் கிராமங்களிலும் கோயில் தோப்புகளிலும் பிடிக்கப்பட்டுக் கப்பலேற்றப்பட்ட ரீசஸ் இனத்தைச் சேர்ந்தவை. தடுப்பு மருந்து தயாரிப்பு மும்முரமான 1950களில் இந்த ஏற்றுமதி லட்சக்கணக்கில் பெருகியது. 1955இல் லண்டன் விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சு முட்டி மடிந்த செய்தி எட்டியதும் இந்திய சர்க்கார் சில காலம் ஏற்றுமதியை நிறுத்தியது; 1978இல் முற்றிலும் தடை செய்தது. இன்று உலகக் குழந்தைகள் அனுபவிக்கும் பாதுகாப்பில் அந்த வாயில்லா ஜீவன்களுக்கும் ஒரு பங்கு உண்டு.

பால், டிராஸ்க் இருவரிடமும் பயின்ற ஜோசப் மெல்னிக் என்னும் இளைஞர் 1940களில் நியூயார்க் நகரத்துக் கழிவுநீரைத் தொடர்ந்து, நோய் பரவிய காலத்திலும் பரவாத காலத்திலும் விடாமல் சோதித்து வந்தார். வைத்தியசாலைகளில் நோயாளி அரிதாயிருந்த காலங்களிலும் வைரஸ் சாக்கடையில் தென்பட்டது. நோய் கண்டவர்களின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு பார்த்தால், தெருவில் ஒரு வீட்டில் ஒரு குழந்தை மாத்திரம் துரதிருஷ்டவசமாக முடமானது போலத் தோன்றும்; சாக்கடையைக் கேட்டால், அந்தத் தெரு முழுவதும், அதற்கு அடுத்த தெருக்களும், ஏன், பேட்டை முழுவதுமே வைரஸைச் சுமந்து, பெரும்பாலோர் ஒரு நாள் காய்ச்சல்கூட இல்லாமல் அதைக் கழித்துவிட்டார்கள் என்பது தெரியவரும். இளம்பிள்ளை வாத வைரஸ் தொற்றிய நூறு பேரில் ஒருவருக்குக் கூட வாதம் வருவதில்லை என்று பின்னாளில் உறுதிப்பட்ட உண்மை இதுபோன்ற ஆராய்ச்சிகளின் கனியே. வைத்தியனுடைய பதிவேடு படுக்கையில் விழுந்தவனை மட்டுமே அறியும். எழுந்து நடமாடுகிறவன் என்ன சுமக்கிறான் என்பதை அறிந்த சாட்சி சாக்கடை ஒன்றே. இந்த ஒரு கருத்தை நிலைநாட்டியதற்காகவே மெல்னிக்கின் பெயர் நன்றியோடு நினைக்கப்பட வேண்டும்.

அடுத்து வந்த சில ஆண்டுகள் கருவிகளின் காலம். 1948இல் கில்பர்ட் டால்டார்ஃபும் கிரேஸ் சிக்கிள்ஸும் பால் மறவாத எலிக்குஞ்சுகளைப் பயன்படுத்தி, நியூயார்க் மாகாணத்துக் காக்ஸாக்கி என்ற சிற்றூரின் பெயரால் வழங்கும் புதியதொரு குடல் வைரஸ் இனத்தைக் கண்டார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் பி. மூர் என்பவர், பாராடைபாய்டு கிருமியைச் சுமக்கும் ஆட்களைக் கண்டுபிடிப்பதற்காக, மெல்லிய காஸ் துணியை மடித்துக் கயிற்றில் கட்டிச் சாக்கடைக் குழாய்க்குள் தொங்கவிட்டு, சில நாட்களுக்குப் பின் எடுத்துப் பிழிந்து சோதிக்கும் முறையை எழுதி வெளியிட்டார். ஒரு கணத்தில் மொண்டெடுத்த நீர் அந்தக் கணத்தின் கதையை மட்டுமே சொல்லும். நாட்கணக்கில் ஊறிய துணியோ அத்தனை நாளும் ஓடிய நீரின் சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதே அதன் தத்துவம். வைரஸ் ஆராய்ச்சியாளர்களும் இத்துணியை உடனே தமதாக்கிக்கொண்டார்கள். 1949இல் ஜான் எண்டர்ஸ், தாமஸ் வெல்லர், பிரெடரிக் ராபின்ஸ் மூவரும் வாத வைரஸை நரம்பல்லாத திசுவிலும் கண்ணாடிக் குழாய்க்குள் வளர்க்கலாம் என்று காட்டி, 1954இல் நோபல் பரிசு பெற்றார்கள். 1952இல் ரெனாட்டோ டல்பெக்கோ, திசுப்படலத்தின் மீது வைரஸ் விழுந்த இடமெல்லாம் வெளிறிய வட்டமாகத் தெரியும்படி செய்து, வட்டங்களை எண்ணி வைரஸை எண்ணும் வழியைக் கொடுத்தார். அதுவரை உண்டு, இல்லை என்று மட்டும் விடை சொன்ன சோதனை, எத்தனை என்றும் சொல்லத் தொடங்கியது.

இவ்வளவு முன்னேற்றம் மேலைநாட்டில் நடந்துகொண்டிருக்கும்போதே, நம் நாட்டின் தலைநகரில், குடிநீர்ச் சோதனையின் குறைபாட்டை உலகுக்கே எடுத்துக் காட்டிய ஒரு பேரிடர் நேர்ந்தது. 1955ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் யமுனையில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்தபின் ஆறு தன் பழைய தடத்தை விட்டுக் கிழக்கே ஒதுங்கிவிட, வஜீராபாத்தில் டில்லி மாநகரத்துக்கு நீர் எடுக்கும் மடையின் அருகே, அதற்குக் கீழே ஆற்றில் கலக்க வேண்டிய நஜஃப்கர் கால்வாயின் சாக்கடை நீர் எதிர்த்து ஏறிச் சென்று சேர்ந்தது. நவம்பர் மாதத்தில் ஏறத்தாழ ஒரு வார காலம் நகரம் தன் கழிவையே திரும்ப இறைத்துக்கொண்டிருந்தது. பம்ப் நிலையத்துப் பொறியாளர்கள் கண்மூடி இருந்துவிடவில்லை. நீரின் மாறுதலைக் கண்டவுடனே படிகாரத்தையும் குளோரினையும் மிகுதியாகச் சேர்த்தார்கள். ஆற்றின் ஓட்டத்தைத் திருப்பும் வேலையையும் மேற்கொண்டார்கள். பாக்டீரியா சோதனையைப் பொறுத்த வரையில் அவர்களுடைய ஜாக்கிரதை பலித்தது. டைபாய்டு பெருகவில்லை, வாந்திபேதியும் பெருகவில்லை. அபாயம் கடந்துவிட்டது என்று எண்ண எல்லா நியாயமும் இருந்தது.

டிசம்பர் மாதம் பிறந்ததும் டில்லியில் மஞ்சள் காமாலை தோன்றியது. ஜனவரி மூன்றாவது வாரத்துக்குள் அது அடங்கிற்று. ஆனால் அந்த ஆறேழு வாரங்களுக்குள் கண்ணும் உடலும் மஞ்சளித்துப் படுத்தவர்கள் சுமார் 29,300 பேர். மஞ்சளிக்காமல் நோய் கண்டவர்களையும் சேர்த்தால் 97,600 பேர் என்று மதிப்பிட்டார்கள். கருவுற்ற பெண்களிடையே சாவு மிகுதியாயிருந்தது. சாக்கடை கலந்த நாட்களுக்கும் காமாலை தோன்றிய நாட்களுக்கும் இடையே, அந்நோய் உடலில் ஊன்றி வெளிப்பட எடுத்துக்கொள்ளும் கால இடைவெளி பிசகாமல் இருந்தது. டாக்டர் ஆர். விஸ்வநாதன் 1957இல் வெளியிட்ட விரிவான ஆய்வறிக்கையைப் படிப்பவர்கள், பாக்டீரியாவை வென்ற அதே குளோரின் அளவுக்கு வைரஸ் அடங்கவில்லை என்ற முடிவைத் தவிர வேறெதற்கும் வர இயலாது. அந்நீரில் அந்த வைரஸைத் தேடும்படி அன்று உலகில் எந்த ஆராய்ச்சிக்கூடத்தைக் கேட்டிருந்தாலும் தேடித் தர வழியிருந்திருக்காது. அதை வளர்க்கும் திசுவும் இல்லை, அதனால் நோயுறும் சோதனை மிருகமும் இல்லை. இந்நோயின் காரணம் துலங்குவதற்கு ஒரு தலைமுறை ஆயிற்று. டில்லியில் எடுத்துப் பத்திரமாக உறைய வைத்திருந்த ரத்த மாதிரிகளை 1980இல் ஆராய்ந்தபோது, அதுவரை எல்லோரும் கருதியபடி அது ஏ வகைக் காமாலை அன்று என்று தெரிந்தது. 1983இல் மாஸ்கோவைச் சேர்ந்த மிகாயில் பலயான், ஆப்கானிஸ்தானத்தில் காமாலை கண்ட சோவியத் வீரர்களின் மலச் சாரத்தைத் தாமே உட்கொண்டு, நோய்ப்பட்டு, தம் மலத்திலேயே அந்த வைரஸைக் கண்டார். இன்று ஈ வகைக் காமாலை வைரஸ் என்பது அதுவே. சாக்கடையின் சாட்சியத்தைக் கேட்கும் கருவி இல்லாததால் ஒரு தலைநகரம் எவ்வளவு துன்பப்பட்டது என்பதற்கு டில்லியினும் பெரிய உதாரணம் உலக வரலாற்றிலேயே அரிது.

சாக்கடை நீரில் வைரஸ் செறிந்திருக்கும். ஒரு லிட்டர் கிடைத்தால் போதும். குடிநீரிலோ, நூற்றுக்கணக்கான லிட்டருக்கு ஒன்றோ இரண்டோதான் இருக்கக்கூடும். ஆயினும் குடிக்கிறவன் உயிருக்கு அந்த ஒன்றே போதும். களத்து நெற்குவியலில் விழுந்த ஒற்றைக் கேழ்வரகு மணியைத் தேடுவது போன்ற இவ்வேலைக்கு வழி வகுக்கும் நோக்கத்தோடு, 1965 டிசம்பரில் அமெரிக்காவின் சின்சின்னாட்டி நகரில் நீர்வழி வைரஸ் பரவுதலைப் பற்றிய மாநாடு கூடிற்று. அதன்பின் வந்த ஆண்டுகளில் கிரெய்க் வாலிஸும், ஹூஸ்டன் நகருக்குக் குடிபெயர்ந்திருந்த மெல்னிக்கும், மெல்லிய சவ்வு வடிகட்டிகளில் வைரஸை ஒட்டவைத்துப் பிரிக்கும் முறையைச் செப்பனிட்டார்கள். நீரைப் புளிப்பாக்கி, சில உப்புகளைச் சேர்த்து வடிகட்டியின் வழியே அழுத்திச் செலுத்தினால், வைரஸின் மின்சுமை மாறி அது சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பின்னர் காரத்தன்மை ஏற்றிய மாட்டிறைச்சிச் சாற்றைச் சிறிதளவு ஊற்றினால் பிடி தளர்ந்து இறங்கிவரும். ஆயிரம் லிட்டரின் வைரஸ் இப்படிக் கைப்பிடிக்குள் அடங்கும் திரவத்துக்கு வந்து சேர்கிறது. புளிப்பாக்காமலே இயற்கை நிலையிலேயே வைரஸைப் பற்றும் நேர்மின்சுமை வடிகட்டிகளை மார்க் சோப்சி போன்றோர் 1970களின் இறுதியில் புகுத்தினார்கள். நம் நாட்டிலும் இத்துறை அநாதையாக விடப்படவில்லை. 1958இல் நாகபுரியில் நிறுவப்பட்ட பொதுச் சுகாதாரப் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்தில், வி. சலபதி ராவும் அவருடைய சகாக்களும் கழிவுநீரிலிருந்து வைரஸைச் செறிவூட்டும் எளிய முறையொன்றை 1972இல் வெளியிட்டார்கள். பின்னர் ஹூஸ்டன் சென்ற சலபதி ராவ் மெல்னிக்கோடு சேர்ந்து எழுதிய சுற்றுப்புற வைரஸியல் நூல் 1986இல் வெளிவந்தது.

திசு வளர்ப்பில் வளராத வைரஸ்கள்தான் இன்னும் பெரிய சிக்கலாக நின்றன. ஓஹையோ மாகாணத்து நார்வாக் என்ற ஊரில் 1968இல் நேர்ந்த வயிற்றுப்போக்குக்குக் காரணமான வைரஸை ஆல்பர்ட் கபிக்கியன் 1972இல் மின்னணு உருப்பெருக்கியில் கண்டார். 1973இல் மெல்போர்ன் நகரத்து ரூத் பிஷப்பும் குழுவினரும் குழந்தைகளைக் கொல்லும் ரோட்டா வைரஸைக் கண்டார்கள். நார்வாக் வைரஸை மனிதக் குடல் திசுவில் வளர்க்க முடிந்தது 2016இல்தான். இந்த இடைவெளியை நிரப்பியது 1980களில் பிறந்த பி.சி.ஆர். முறை. வைரஸின் மரபுத் துணுக்கைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டும் அம்முறை, வாரங்கள் பிடித்த வேலையைச் சில மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. ஆயினும் குளோரினால் மாண்ட வைரஸின் துணுக்கையும் அது உயிருள்ளதோடு ஒன்றாகவே எண்ணிவிடும். நீர் குடிக்கத் தகுமா என்ற கேள்விக்கு உயிருள்ள வைரஸ் உண்டா என்பதே விடையாதலால், பழைய திசு வளர்ப்புப் புட்டிகளை மூலையில் ஒதுக்கிவிடலாம் என்று கருதுகிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன்.

சாக்கடைச் சோதனைக்குப் புதிய கடமை ஒன்றை இளம்பிள்ளை வாதத்துக்கான வாய்வழிச் சொட்டு மருந்து சுமத்தியது. ஆல்பர்ட் சேபினின் சொட்டு மருந்தில் உள்ள வலுக்குறைந்த வைரஸும் குழந்தையின் குடலில் பெருகிக் கழிவில் இறங்குவதால், சாக்கடையில் அகப்பட்டது இயற்கையாகப் பரவும் காட்டு வைரஸா, மருந்து வைரஸா, அன்றி மருந்தினின்று பிறழ்ந்து மீண்டும் வலுப்பெற்ற வைரஸா என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. அதற்கு உதவியது மரபெழுத்துகளைப் படிக்கும் கலை. வாத வைரஸின் வெளிப்புரதத்தை ஆக்கும் ஏறத்தாழ 900 எழுத்துகளில், ஓர் ஆண்டில் சுமார் நூற்றுக்கு ஒன்று வீதம் மாறுகிறது. ஆகவே இரண்டு வைரஸ்களை ஒப்பிட்டு, அவை எவ்வளவு காலத்துக்கு முன் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தன, எந்தத் தேசத்திலிருந்து வந்தன என்று கூற இயலும். 1984இல் பின்லாந்தில், தடுப்பூசி முறையாகப் போடப்பட்டும் வாதநோய் தலைகாட்டியபோது முடமானவர் ஒன்பது பேரே. ஆனால் வைரஸ் சுமார் ஒரு லட்சம் பேரைத் தொட்டிருக்கும் என்று கணக்கிட அந்நாட்டுக் கழிவுநீரே துணை நின்றது. 1989 முதல் சாக்கடையை ஒழுங்காகச் சோதித்து வந்த இஸ்ரேல் நாட்டில், 2013இல் நெகேவ் பாலைவனத்து ராஹத் முதலிய ஊர்களின் கழிவுநீரில் காட்டு வைரஸ் தென்பட்டது. ஒரு குழந்தைக்கும் வாதம் வரவில்லை. வருமுன்னரே சொட்டு மருந்து கொடுத்தார்கள்.

நம் தேசத்தில் இந்தக் காவல் 2001இல் மும்பையில் தொடங்கியது. தாராவி உட்பட மூன்று இடங்களில் எடுத்த சாக்கடை நீரை அந்நகரத்து எண்டிரோவைரஸ் ஆராய்ச்சி மையத்தில் சோதித்தார்கள். அரை லிட்டர் நீரை இரண்டு ரசாயனப் பொருள்களோடு கலக்கி, பிரிபுனலில் இரவு முழுவதும் 4 டிகிரிக் குளிரில் நிற்க வைத்தால் அது இரண்டு அடுக்காகப் பிரியும். அடியில் தேங்கிய அடுக்கை எடுத்து, மனித வாத வைரஸையே பெரும்பாலும் உள்ளே விடும்படி விசேஷமாக அமைக்கப்பட்ட எல்20பி என்னும் திசுவிலும், பல குடல் வைரஸ்களுக்கும் இடங்கொடுக்கும் ஆர்.டி. என்னும் திசுவிலும் வளர்த்துப் பார்ப்பது உலகச் சுகாதார ஸ்தாபனம் வகுத்த விதி. மும்பைச் சாக்கடையில் கிடைத்த காட்டு வைரஸ் வட இந்திய மாகாணங்களின் வைரஸோடு உறவுடையது என்று மரபெழுத்துகள் காட்டின. பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த ஏழைக் குடும்பங்களின் வழியை அந்த நீர் துல்லியமாக எடுத்துக் கூறியது. அவர்களைப் பழிப்பதற்காக அன்று, அவர்களுடைய குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து சென்றடைய வேண்டிய பாதையைக் காட்டுவதற்காக. பின்னர் டில்லியிலும் பாட்னாவிலும் இன்னும் பல நகரங்களிலும் இச்சோதனை விரிந்தது. வாதம் கண்ட குழந்தைகளின் மலத்தைச் சோதித்துச் சொல்லும் ஆராய்ச்சிக்கூடங்களின் வரிசையில் சென்னை கிண்டியின் கிங் நிலையமும் இடம்பெற்று உழைத்தது.

2009இல் இந்தியாவில் 741 குழந்தைகள் காட்டு வைரஸால் வாதமுற்றன; உலகக் கணக்கில் அது ஏறக்குறையச் சரிபாதி. 2010இல் அது 42 ஆகக் குறைந்தது. அவ்வாண்டு நவம்பரில் மும்பைச் சாக்கடையில் காட்டு வைரஸ் கடைசி முறையாக அகப்பட்டது. 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்து ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு வாதம் கண்டது. அதன்பின் இந்நாட்டில் காட்டு வைரஸால் ஒருவரும் முடமாகவில்லை. 2014 மார்ச் 27இல் வாதநோய் ஒழிந்ததென்று நமக்கு நற்சான்று கிடைத்தது. அந்த மூன்றாண்டு மௌனம் உண்மையான மௌனம் என்று உலகம் நம்பியதற்கு, வைத்தியசாலைகளின் பதிவேட்டோடு சாக்கடைகளின் சாட்சியமும் ஒத்துப்போனது ஒரு முக்கியக் காரணம்.

எனினும் நோய் ஒழிந்த இடத்தில் சோதனையும் ஒழியலாம் என்ற எண்ணம் அபாயகரமானது. ஏறத்தாழ நாற்பது லட்சம் பேரின் கழிவு வந்து சேரும் லண்டன் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்து நீரில் 2022இல் மருந்தினின்று பிறழ்ந்த வாத வைரஸ் மீண்டும் மீண்டும் தென்பட்டது; ஒரு குழந்தையும் முடமாகும் முன்னரே அந்நகரத்துப் பிள்ளைகளுக்கு மறு தடுப்பூசி போடப்பட்டது. 2024 ஜூன் 23இல் போரால் சிதைந்த காசாவில் எடுத்த சாக்கடை மாதிரிகளிலும் அத்தகைய வைரஸ் இருந்தது. அங்கே குழாய்களும் சுத்திகரிப்பு நிலையங்களும் நொறுங்கிக் கிடந்தன. மருந்து செல்ல வழியில்லை. ஆகஸ்டில் பத்து மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் விளங்காமற்போன செய்தி வந்த பிறகே, செப்டம்பரில் சொட்டு மருந்து கொடுக்க முடிந்தது. சாட்சி இரண்டிடத்திலும் உண்மையையே சொன்னது. கேட்டவர்களுக்குச் செயல்படும் வசதி ஓரிடத்தில் இருந்தது, மற்றோரிடத்தில் இல்லை.

நம் ஊர்களின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் ஒரே பள்ளத்தில் அருகருகே கிடக்கின்றன. நாளில் சில மணி நேரமே நீர் வருவதால், வராத நேரத்தில் காலியான குழாய், விரிசல் வழியே சுற்றியுள்ள அழுக்கை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. மழைக்காலத்தில் ஒரு தெருவில் காமாலை கண்டால், நீரை எடுத்துப் போய் ஈ.கோலை இல்லை என்று சான்று பெற்றுத் திருப்தியடையும் வழக்கம் இன்றும் பல இடங்களில் இருக்கிறது. டில்லியின் துயரத்துக்குப் பிறகு அந்தத் திருப்திக்கு நியாயமே இல்லை. நீர் கலங்கலின்றித் தெளிந்திருந்து, காரத்தன்மை மிகாமல், அரை மணி நேரம் கழிந்த பின்னும் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவு குளோரின் அதில் எஞ்சியிருந்தால் வைரஸ் அடங்கும் என்பது நெடுங்காலமாக நிலைபெற்ற விதி. அதை ஊரின் முதல் குழாயில் மட்டுமன்றிக் கடைசிக் குழாயிலும் அளந்து பார்ப்பது எந்தப் பேரூராட்சிக்கும் எட்டாத காரியமன்று. வைரஸையே தேடும் சோதனைக்கு ஆராய்ச்சிக்கூடமும் பயின்ற கைகளும் வேண்டும். அவை மாவட்டத்துக்கு ஒன்றாக இல்லாவிடினும், மழைக்காலங்களிலாவது பெரிய நகரங்களின் கழிவுநீரை வாரந்தோறும் பார்த்து, கிடைத்த முடிவைக் கோப்புக்குள் வைத்துப் பூட்டாமல் பொதுமக்களுக்கும் மருத்துவர்களுக்கும் உடனுக்குடன் வெளியிடும் அளவுக்கேனும் இருக்க வேண்டும். நகரசபைக்கு வாக்களிக்கும் ஒவ்வொருவரும், தம் வார்டின் குடிநீரில் கடைசியாக எந்தச் சோதனை எந்தத் தேதியில் செய்யப்பட்டது என்பதைத் தம் உறுப்பினரிடம் கேட்டு எழுத்தில் பெற வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.